தரகரின் படம்

பெட்டைக் குதிரைக்குப் பருவம் வந்திருக்கிறதா என்று மனிதன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. இன்னொரு ஆண்குதிரைதான் சொல்ல வேண்டும். அதற்குப் பண்ணை இனவிருத்திக்கென்று வைத்திருக்கும் விலையுயர்ந்த பொலிகுதிரையை அனுப்ப முடியாது. மனமில்லாத பெட்டை ஓர் உதை விட்டால் போதும், கால் போய்விடும். ஆகவே ரேஸ் குதிரை வளர்க்கும் எந்தப் பண்ணையிலும் உதை வாங்குவதற்கென்றே ஓர் ஆண்குதிரை இருக்கும். மார்பளவு மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டை, இந்தப் பக்கம் அது. முகரும், கனைக்கும், கழுத்தை நீட்டிக் கொஞ்சும். பெட்டை இசைவது தெரிந்ததும் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம்தான் பொலிகுதிரை உள்ளே வரும்.

இந்தப் பண்ணையில் பொலிகுதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர். மற்றதற்குத் தரகர். மாப்பிள்ளை, தரகர் என்று வைத்துவிட்டதால் எல்லோரும் இருவரையும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தரகர் சாப்பிட்டாரா, மாப்பிள்ளை முறைக்கிறார், இப்படி.

தரகரைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிஸ்டரின் வேலை. அவள் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவள். குட்டி ஈனும் மாதங்களில் இரவுக் காவலுக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தாள். படிப்பு முடியாவிட்டாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. பிறகு பகல் வேலைக்கு மாற்றினார்கள். தீவனக் கிடங்குக்கு மேலே அறை. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, கொடியில் எப்போதும் காயாத இரண்டு காலுறைகள். ஜன்னலைத் திறந்தால் கீழே தரகரின் தலை தெரியும். ஒரு நாளில் அவள் பேசும் பேச்சில் முக்கால்வாசி அவரிடம்தான். ஊரே மரியாதை கொடுத்த குதிரையை அவள் மட்டும் 'டேய்' என்பாள். பதில் வராது. அவளுக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அந்த வருடம் மாப்பிள்ளைக்குப் பெட்டைகள் சேரவில்லை. பெட்டை வைத்திருந்தவர்கள் வண்டியேற்றி வெளி மாநிலத்துப் பண்ணைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இப்படியே போனா முதலாளி கடையைக் கட்டிடுவார், சிஸ்டர்" என்றார் மேனேஜர்.

"மாப்பிள்ளை?"

"அவருக்கென்ன, எங்க போனாலும் மாப்பிள்ளைதான்."

"இவரு?"

மேனேஜர் தரகரைப் பார்த்தார். "இவர் வயசுக்கு, கறிக்குன்னு எடை போட்டுத்தான் எடுப்பாங்க" என்றார்.

அவள் தரகரின் குளம்பைத் தூக்கிச் சேற்றைச் சுரண்டினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் சுரண்டினாள்.

குதிரை வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் கேமராக்காரரோடு வந்தது அந்த வாரம்தான். செயலாளர் ஒல்லியான மனிதர். பழைய காரில் தனியாகப் பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருப்பவர். நம் மண்ணில் பிறந்த குதிரை என்று ஒரு பிரச்சாரம் தொடங்கியிருந்தார். இங்கே பிறந்த குட்டி இங்கே ஜெயித்தால் சங்கம் தனிப் பரிசு கொடுக்கும். அதற்குச் சுவரொட்டி, நாட்காட்டி, ஒரு சின்னப் படம். எல்லாவற்றுக்கும் முகப்பில் ஒரு குதிரை வேண்டும். மாப்பிள்ளையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். எப்போதோ ரேஸில் பார்த்த நினைப்பு.

அவர் கடைசியாகப் பார்த்த பிறகு மாப்பிள்ளை தன் விலாவைத் தானே கடிக்கத் தொடங்கியிருந்தார். தனியறையில் அடைத்து வைத்த பொலிகுதிரைகள் சில அப்படிச் செய்யும். இரண்டு பக்கமும் தழும்பும் புண்ணுமாக இருந்தது. கேமரா பக்கமே கொண்டுவர முடியாது.

விருந்தாளிகளை ஆபீசில் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, மேனேஜர் ஓட்டமும் நடையுமாக லாயத்துக்கு வந்தார். கையில் வெள்ளை ஷூ பாலீஷ் டப்பா.

"அதே பழுப்பு உடம்பு, அதே கறுப்புப் பிடரி. நெத்திச் சுட்டி ஒண்ணுதான் இல்ல. அதைப் போட்டுடு."

"சார், இவரு தரகர்."

"ஒரு நாள் வேஷம்தாம்மா. கல்யாணத்துக்குத் தரகரும்தானே நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர்றார்?"

அவள் டப்பாவை வாங்கவில்லை. "செஞ்சா இவரை வச்சுக்குவீங்களா?"

"பண்ணை இருந்தா இவரும் இருப்பார். என் வாக்கு."

அவள் டப்பாவை வாங்கினாள். பஞ்சில் தொட்டுத் தரகரின் நெற்றியில் ஒரு சுட்டி வரைந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். யாரும் அவர் முகத்துக்காக அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

புல்வெளியில் நிறுத்தினார்கள். காலை வெயில். தரகர் கழுத்தை வளைத்து, காதுகளை முன்னால் விறைத்து, தொலைவில் மேயும் பெட்டைகளைப் பார்த்தார். தினமும் பார்க்கிற பார்வைதான். கேமராக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

"அந்தக் காதுல என்ன, நுனி பிஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார் செயலாளர்.

"கடி சார்" என்றாள் சிஸ்டர். அது உண்மை. ஒரு பெட்டை கடித்தது.

"அதுவும் இருக்கட்டும். ஒரு கம்பீரமாத்தான் இருக்கு" என்றார் அவர்.

சுவரொட்டி அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாகப் போய்விட்டது. ரேஸ் மைதான வாசலில், பெட்ரோல் பங்கில், பேருந்தின் முதுகில், எங்கு பார்த்தாலும் தரகர். குதிரையே வைத்திராதவர்கள்கூட நாட்காட்டி கேட்டு வாங்கிப் போனார்கள். மாப்பிள்ளைக்குப் பெட்டைகள் வரிசையாகப் பதிவாயின. வெளியே அனுப்பவிருந்த இரண்டு பெரிய பண்ணைக்காரர்கள் மனம் மாறினார்கள். மேனேஜர் புதுச் செருப்பு வாங்கினார்.

அவளுடைய தம்பி போன் செய்தான். "அக்கா, போஸ்டர்ல குதிரைக்குப் பக்கத்துல ஒரு கை தெரியுதே, உன் கையா?"

"ஆமா."

"மூஞ்சியையும் சேத்து எடுத்திருக்கக் கூடாதா? வரன் கேக்கறவங்களுக்கு அதையே காட்டியிருப்பேன்."

"குதிரையைக் காட்டு. பாக்க நல்லா இருக்கான்."

தம்பி சிரித்தான். பிறகு, எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டான். சீசன் முடியட்டும் என்றாள். ஒவ்வொரு சீசனிலும் சொல்வதுதான். அவனும் வற்புறுத்தவில்லை. அவன் மனைவிக்கு அறைகள் போதவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சீசனின் முதல் பெட்டைகள் வருவதற்கு முந்தைய வாரம், செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெட்டி இனிப்போடு வந்தார். ஆபீசில் யாரும் இல்லை. நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டார். தடுப்புக்குப் பின்னால் தரகர் பண்ணையின் சொந்தப் பெட்டை ஒன்றிடம் கனைத்துக்கொண்டிருந்தார். கயிறு சிஸ்டரின் கையில். பெட்டை திரும்பிப் பலகையில் ஓர் உதை விட்டது. தரகர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். நெற்றியில் சுட்டி இல்லை. ஆனால் காது அதே காது.

செயலாளர் கொஞ்ச நேரம் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். இனிப்புப் பெட்டி மடியில் இருந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மேனேஜருக்கும் எனக்கும்."

"இப்ப எனக்கும்" என்றார். அவருக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் களைத்தவராக மட்டும் தெரிந்தார். "ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறி இந்தப் படத்தைக் காட்டியிருக்கேம்மா. லாடம் அடிக்கிறவர், புல்லு விளைவிக்கிறவர், வண்டி ஓட்டறவர், எல்லாருக்கும் இந்த வருஷம்தான் கொஞ்சம் மூச்சு வந்திருக்கு."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விஷயம் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்தது. மாப்பிள்ளையின் விலாப் புண்ணைச் சொல்லி, அவரைப் போர்வை போட்டுத் தூரத்திலிருந்து காட்டிவிடலாம் என்றார்.

"அடுத்த வாரம் பெட்டைக்காரங்க எல்லாம் நேர்ல வர்றாங்க" என்றார் செயலாளர். "போஸ்டர்ல இருக்கற குதிரை தடுப்புக்குப் பின்னாடி உதை வாங்கிட்டு நின்னா, நாம என்ன சொல்றது?"

"ஈ மொய்க்காம இருக்க வலை முகமூடி இருக்கு சார். காதையும் மூடிடும்" என்றாள் சிஸ்டர்.

"எத்தனை நாளைக்கும்மா?"

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "வாக்கு குடுத்தீங்க."

"பண்ணை இருந்தா இருப்பார்னு சொன்னேன்" என்றார் மேனேஜர், தன் செருப்பைப் பார்த்தபடி. "இப்ப அவர் இருந்தா பண்ணை இருக்காது."

"நான் வெளியில சொல்லிடுவேன்."

"சொல்லுங்க" என்றார் செயலாளர். மிரட்டலாகச் சொல்லவில்லை. "நான் தடுக்கப் போறதில்ல. சொன்னா பண்ணை மூடும். அப்புறம் இதை யார் வச்சுக்குவா? உங்க ரூம்லயா?"

அவள் உண்மையாகவே அறையை நினைத்துப் பார்த்தாள். மரப்படி, கட்டில், கொடி. பிறகு, "எடைக்குப் போகக் கூடாது" என்றாள்.

"போகாது. ரொம்ப தூரத்துல ஒரு சவாரிப் பள்ளி இருக்கு. அங்க யாரும் ரேஸ் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. ஆனா, காயடிச்சுடுவாங்க."

"அங்க ஆள் வேணுமா?"

"படிக்க வர்றவங்களே எல்லாம் பாத்துக்குவாங்களாம். சம்பள ஆள் கிடையாது."

இனிப்புப் பெட்டியை அவர் மறந்து வைத்துவிட்டுப் போனார். யாரும் பிரிக்கவில்லை. எறும்பு வந்த பிறகு அவள் எடுத்து எறிந்தாள்.

இரண்டு நாளில் வண்டி வந்தது. முன்பக்கத் தடுப்பறையில் ஏற்கெனவே ஒரு கிழட்டுப் பெட்டை நின்றிருந்தது. அதே பள்ளிக்குப் போகிறது என்றார் டிரைவர். தரகர் ஏற்றுப் பலகையில் கால் வைத்ததுமே அந்தப் பெட்டையின் வாசம் பிடித்துவிட்டார். காது விறைத்தது. அவ்வளவுதான், சிஸ்டர் கயிற்றை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளைத் தோளால் தள்ளிக்கொண்டு ஏறினார். பெட்டை மெல்லத் தும்மி மூக்கை நீட்டியது. யாரும் வந்து தரகரைப் பின்னால் இழுக்கவில்லை. அவர் அதை நம்பாதவர்போல ஒரு முறை பின்னால் பார்த்தார். சிஸ்டரைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

அவள் கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு இறங்கினாள்.

"தண்ணி குடுக்கும்போது வாளியை நீங்க கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றாள் டிரைவரிடம். "கீழ வச்சா குடிக்க மாட்டான்."

"அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்?"

"நான் வந்ததுலேர்ந்து அப்படித்தான் குடுக்கறேன். குடிக்காம வயிறு பிடிச்சுக்கிட்டு வண்டியிலேயே படுத்தான்னா, அப்புறம் உங்க நேரம்."

"சரி சரி, பிடிக்கிறேன். தாலாட்டும் பாடணுமா?"

"அது வேண்டாம்" என்றாள் அவள், சிரிக்காமல். டிரைவரின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வண்டி திரும்பும்போது உள்ளேயிருந்து கனைப்புக் கேட்டது. தினமும் கொட்டகையில் கேட்கிற அதே கனைப்பு. சாலையின் சத்தத்தில் அது எங்கே நின்றது என்று தெரியவில்லை. மேனேஜர் தூரத்தில் நின்று, இனிமேல் வேலை நிரந்தரம், முதலாளியிடம் பேசிவிட்டேன் என்றார். அவள் தலையாட்டினாள். லாயத்தில் தரகரின் அறையைக் கூட்டி, ஈரத் தரையில் சுண்ணாம்பு தூவி, கதவைத் திறந்தே வைத்தாள். காய வேண்டும். பிறகு மாப்பிள்ளைக்குத் தீவனம் வைத்தாள். அவர் காதைப் பின்னால் மடக்கி முறைத்தார். அவரிடம் பேச ஒன்றும் இல்லை.

மறுநாள் மதியம் டிரைவருக்குப் போன் செய்தாள்.

"நல்லபடியா இறக்கிட்டேம்மா. இறங்கினதும் புல்லுல வாய் வச்சிட்டாரு."

"தண்ணி குடிச்சானா?"

"ஓ, வழியில ரெண்டு தடவை."

"வாளியைப் பிடிச்சுக்கிட்டீங்களா?"

"கோச்சுக்காதீங்கம்மா. மறந்துபோய்க் கீழதான் வச்சேன். மடமடன்னு குடிச்சிட்டாரு. ரெண்டாவது தடவையும் கீழதான்."

"சரி" என்றாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

அவள் யோசித்தாள். "இல்ல" என்றாள். டிரைவர் வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.