கிண்ணத்துக்குள் கிண்ணம்

விடியுமுன் பொம்மைகளைக் கழுவியாக வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது அந்த நேரத்தில்தான். கூடத்தின் பின்னால் சிமெண்டுத் தரையில் குத்தவைத்து, முந்தின நாள் வீடுகளிலிருந்து திரும்பி வந்தவற்றைப் பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கூழாங்கல் போட்டு மூடி ஒட்டிய புட்டிகள், துணிப் பந்துகள், பிளாஸ்டிக் புட்டியை வெட்டிச் செய்த கிண்ணங்கள். எல்லாவற்றிலும் எச்சிலும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தன. சோப்புத் தண்ணீர் விரல் வெடிப்புகளில் இறங்கி எரிந்தது.

அவர்களுக்கு நடுவில் அவன் ஒருவன்தான் ஆண். பட்டப்படிப்பு முடித்தவன். அந்த வேலை அவன் மனைவியுடையது. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் பை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தையலக்கா மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். துணிப் பொம்மைகளைத் தைப்பவள் அவள்.

வேலை வெளியிலிருந்து பார்த்தால் வேலை போலவே இருக்காது. நடக்கத் தொடங்காத, பேசத் தொடங்காத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய்த் தரையில் உட்கார வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம். ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போய், அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறு கொடுக்க வேண்டும். அதில் ஒரே ஒரு கட்டளை உண்டு. பொம்மையைப் பிள்ளையிடம் நீட்டக் கூடாது, தாயின் கையில்தான் கொடுக்க வேண்டும். தாய் பிள்ளையிடம் கொடுப்பாள்; பிள்ளை செய்வதை வாய்விட்டுச் சொல்வாள். நாம் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவோம், அம்மாதான் கூட இருப்பாள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அன்று பொழுது புலரும்போதே ஒப்பந்தக்காரர் வந்தார். இந்தப் பொம்மைத் திட்டத்தை ஏலத்தில் எடுத்து நடத்துபவர் அவர். செருப்பு நனையாமல் வாசற்படியிலேயே நின்று சேதியைச் சொன்னார். இனி மாதச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு ஒரு படம், பிள்ளை பொம்மையோடு முகம் தெரியச் சிரிக்கும் படம், கைபேசியில் ஏற்ற வேண்டும். படத்துக்குத்தான் கூலி. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் போதும். வீடுகள் இரண்டு மடங்கு.

"பத்து நிமிஷத்துல ஒரு பொம்மையக் காட்ட முடியாதாம்மா?"

"காட்டலாம் சார்," என்றாள் தையலக்கா. "கடையிலயும் காட்டத்தான் செய்யுறாங்க."

"பிள்ளைங்க தானா வளரும். என்கூட யாரு வந்து உக்காந்து விளையாடினா? நான் வளரலையா?"

"அதான் பாக்குறோமே," என்று வாளிக்குள் முணுமுணுத்தாள், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமானவள். சிரிப்பு ஒரு சுற்றுப் போய் அடங்கியது. அவர் போனபின் யாரும் சிரிக்கவில்லை.

குப்பைக் கிடங்கின் பின்னால் தகரக் கூரை அறைகள். அங்கே பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அவன் வாரந்தோறும் போவான். அவள் மகன் இரண்டு வயதை நெருங்கியும் ஒரு சொல் பேசியதில்லை. ஊமை என்றே கிடங்கில் முடிவு கட்டியிருந்தார்கள். விளையாடுவதற்கு எனக்கு ஏது நேரம் என்று முதலில் அவனை வாசலிலேயே நிறுத்தியவள், பிறகு பிரிக்கிற வேலையையே விளையாட்டாக்கினாள். மூடியை எடுத்து மூடி என்பாள், புட்டியை எடுத்துப் புட்டி என்பாள். அந்த வாரம் அவன் நுழைந்தபோதே அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. எதையோ அவனுக்கென்று பொத்தி வைத்திருந்தாள்.

அவன் உட்காரவில்லை. பழைய பொம்மையை வாங்கினான், புதியதைக் கொடுத்தான், பையனை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படம் எடுத்தான். பையன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது.

"என்ன தம்பி, நீயும் கரண்டு கணக்கு எடுக்க வர்றவன் மாதிரி ஆயிட்டே?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். பாதி வழி போனபின்தான், அவள் சொல்ல வந்தது என்னவென்று கேட்காமல் வந்துவிட்டது உறைத்தது. உறைத்தது என்றால் நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலை யாரோ மிதித்தது போல, அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

அவன் வீடும் ஒருவருடைய பொறுப்பில் இருந்தது. வேலை செய்பவர்களின் பிள்ளைகளை இன்னொருவர் வந்து பார்ப்பது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். அவன் மகளைப் பார்க்க வருவது தையலக்கா. தாய் இருந்தவரை மகள் வாய் ஓயாதவள். இப்போது அப்பனும் மகளும் ஒரே அறையில், வாய்க்குப் பூட்டுப் போட்டவர்கள் போல. வேளைக்குச் சோறு ஊட்டினான், தலை வாரினான், போர்த்திவிட்டான். ஒரு குறையும் வைக்கவில்லை. பேசத்தான் இல்லை.

சாயங்காலம் தையலக்கா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கிண்ண அடுக்கை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் வாங்கினான். வாங்கிய வேகத்தில் எதிரே இருந்த அவளிடமே நீட்டினான்.

நாள் முழுக்க எதிரில் இருக்கும் பெண்ணின் கையில் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை.

"நான் உன் பிள்ளையா தம்பி?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் நீட்டிய கையை மடக்கவில்லை. மகள் சுவரோரமாக இருந்து இருவரையும் பார்த்தாள். தன் வீட்டிலேயே தான் வாரத்துக்கு ஒரு முறை வந்து போகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. தையலக்கா கைபேசியைத் தூக்கினாள். வெளிச்சம் பளிச்சென்று அடித்ததும் பிள்ளை முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. படத்தில் முடி மட்டும் இருந்தது. முகம் தெரியவில்லை, மீண்டும் எடுக்கவும் என்றது கைபேசி. மறுபடி தூக்கினாள். பிறகு கையை இறக்கினாள்.

"முடியலடா," என்றாள். "பயந்த பிள்ளைய நிமித்திச் சிரிக்க வைக்கவா நான் வந்தேன்?"

அவன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் கழுவும் இடத்தில் தண்ணீர் நிற்கும்வரை பேச்சு நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு வீட்டுக் கதை இருந்தது. தூங்கும் பிள்ளையை எழுப்பிப் படம் எடுத்ததை நெட்டை சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலையை நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். நிறுத்தினால் அவருக்கென்ன, நட்டம் பிள்ளைகளுக்குத்தான் என்றார்கள் சிலர். வாதம் செக்கு மாடாகச் சுற்றியது. அதுவரை வாய் திறக்காதவன் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தான்.

"நிறுத்த வேண்டாம்க்கா. முழுசாச் செய்வோம். ஒரு மணி நேரமும் உக்காருவோம். படம் மட்டும் எடுக்க வேண்டாம்."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்தார்கள். அவன் முதலில் தகரக் கூரை அறைக்குப் போனான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டான். அவள் மகனிடம் ஒரு மூடியை நீட்டினாள். "மூ," என்றான் பையன்.

கூலி வரவில்லை. கடைக்காரரிடம் கடன் சொல்லி ஓட்டினார்கள். படங்கள் வராத வாரம் முடிந்ததும் ஒப்பந்தக்காரர் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். எல்லோரும் போனார்கள்; அவன் மகளையும் தூக்கிக்கொண்டு போனான். அவர் கூப்பிடாதவர்களும் வந்தார்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் பொம்மையுமாகத் தாய்மார்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள். பளபளத்த தரையில் மண் தடம் பதிந்தது.

"படம் இல்லைன்னா கூலி இல்லை. நாளைக்கே புது ஆள் எடுப்பேன். இந்த வேலைக்கு ஊர்ப்பட்ட பேர் நிக்கிறாங்க," என்றார் அவர்.

தரம் பிரிக்கும் பெண் மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"யாரை வேணா எடுங்க சார். கதவைத் திறக்கிறது நாங்கதானே."

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். மேலே கேட்டுச் சொல்ல வேண்டும், இன்று ஒன்றும் ஆகாது, நாளை வாருங்கள் என்றார்.

"ஆகட்டும் சார். இன்னைக்குப் பார்க்க வேண்டிய வீடெல்லாம் இங்கயே வந்திருக்கு. வேலையப் பார்த்துட்டுப் போறோம்," என்றாள் தையலக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு தாய்க்கு எதிரிலும் ஒருத்தி உட்கார்ந்தாள். பைகள் திறந்தன. கூழாங்கற்கள் குலுங்கின. அவன் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒரு கணம் நின்றான். பிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு, தாய்மார்களின் வரிசையில் உட்கார்ந்தான். அவனுடைய வீடுகளை நெட்டை தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

தையலக்கா கிண்ண அடுக்கை அவன் கையில் வைத்தாள். கை முன்னால் போகப் பார்த்தது. அதைத் திருப்பினான். மகளுக்கு முன்னால் வைத்தான்.

அவள் வெகுநேரம் தொடவில்லை. பிறகு சின்னதை எடுத்துப் பெரியதற்குள் போட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"உள்ள போச்சு," என்றான். குரல் துருப்பிடித்துப் போயிருந்தது.

பிள்ளை திரும்பி அவன் வாயைப் பார்த்தது. கிண்ணத்தை வெளியே எடுத்தது. மறுபடி போட்டது.

"உள்ள போச்சு."

மேசைக்குப் பின்னால் ஒப்பந்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இது எவ்வளவு நேரம் நடக்கும் என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் சார்," என்றாள் தையலக்கா, தலை நிமிராமல். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்."