அவள் தோளுக்குச் செய்த கியர்

லேத் பட்டறைக்காரனின் மனைவி ஓவியக்காரி. செப்புத் தகட்டில் ஊசியால் கீறிப் படம் போட்டு, மை தடவி, ஈரக் காகிதம் மூடி, கனத்த உருளைக்கு அடியில் ஓட்டி அச்செடுப்பாள். வலது தோள் அடிக்கடி இறங்கிவிடும். அவளுக்காக அவன் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் லேசாகச் சுற்றினாலே உருளை நகரும்படி கியர் வைத்து ஒரு அச்சு மெஷின் செய்தான்.

மூன்றாம் மாதம் அவள், தன் படங்களை வைத்து விற்கும் கேலரிக்காரரோடு போய்விட்டாள். போனவள் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவனுக்குப் போன் வந்தது.

"என் மெஷினை அனுப்பிடுங்க. மாட்ட உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? நீங்களே வந்துடுங்களேன்."

மெஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

புது வீட்டு மாடியில் காலையெல்லாம் முட்டி போட்டு, மட்டம் பார்த்து, மெஷினை நிறுத்தினான். கேலரிக்காரர் காபியோடு வந்து வேடிக்கை பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு மாஸ்டர். அப்படியே குளியலறைக் கதவு இடிக்குது, அதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க."

அவள் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். இருவரும் கீழே போனார்கள்.

மாட்ட மிச்சமிருந்தது கியர் மட்டும்தான். அதைத் துணியில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். கைச்சக்கரத்தை நேராக உருளைத் தண்டிலேயே முடுக்கினான். போகிற வழியில் கதவையும் சரிசெய்து கொடுத்தான்.

நாலாம் நாள் பட்டறைக்குப் போன் செய்தாள்.

"சக்கரம் அசையவே மாட்டேங்குது. தோள் இறங்கிடுச்சு, கட்டு போட்டிருக்காங்க. அடுத்த வாரம் கண்காட்சி. என்ன பண்ணி வெச்சீங்க?"

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல. அவரைச் சுத்தச் சொல்லு."

"ரெண்டு காகிதம் அச்செடுத்தார். இதெல்லாம் கூலியாள் வேலைன்னு எழுந்து போய்ட்டார். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், அந்தக் கியரை..."

அவள் காதில் விழட்டும் என்று போனை மேஜைமேல் வைத்தான். கியரை மேஜை இடுக்கியான வைஸில் பிடித்து, வார்ப்பிரும்புப் பற்களைச் சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்தான். ஏழாவது பல்வரை அவள் அழுகை கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள்.

அவன் நிறுத்தவில்லை. எல்லாம் உடைந்த பிறகு தரையைக் கூட்டி அள்ளினான்.