விரல் வைக்கும் இடம்

புது போனை உள்ளங்கையில் ஏந்தியதுமே சாஹிராவின் ஆள்காட்டி விரல் தானாகப் பின்பக்கம் போய்த் தேடியது. வழவழப்பைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ரேகை வைக்கும் இடம் இதில் முன்னால், கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

பழைய போனில் அது முதுகில் இருந்தது. விரல்நுனி பொருந்துகிற அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம். கல்யாணமான புதிதில் அவளுக்கும் யாசினுக்கும் சேர்த்து அந்த ஒரு போன்தான். இருவர் விரலையும் அதில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவள் கையில் இருக்கும்போது திரை அணைந்துவிட்டால் அவன் போனைக் கேட்டு வாங்க மாட்டான். பின்னாலிருந்து வந்து, அவள் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து, அவள் விரலை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தன் விரலை அந்தப் பள்ளத்தில் வைப்பான். போன் திறந்துகொள்ளும். திறந்த பிறகும் கை அங்கேயே இருக்கும். குறிஞ்சிப்பாடி பஸ்ஸில், அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அப்படித்தான்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததும் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்த்து வந்தார்கள். அவன் தனக்கென்று ஒரு போன் வாங்கிக்கொண்டான். சண்டை ஒன்றும் இல்லை. ஷிப்ட் மாறி மாறி வந்தது. அவன் தூங்கும்போது அவள் விழித்திருந்தாள். அந்தப் பள்ளத்துக்கு அவன் விரல் வருவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, "எங்கூட்டுக்காரரு இருக்காரே, நான் கொஞ்சம் அசந்தா போதும், என் போனை நோண்டிகினே இருப்பாரு. அவரும் அவரு மூஞ்சியும்!" என்று தலையில் அடித்துக்கொண்டபோது சாஹிராவும் சிரித்தாள். உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது.

பழைய போனில் பேட்டரி உப்பிவிட்டது. புதியதை யாசின்தான் வாங்கி வந்தான். மதிய ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தவனிடம் அதை நீட்டினாள்.

"இதுல ஒங்க வெரலையும் வச்சிட்டுப் போங்க."

"எனக்குத்தான் போன் இருக்கே. ஒன் போனைத் தொறந்து நான் என்னா பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருக்கட்டும்."

குரல் அவள் நினைத்ததைவிடத் தணிந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு நகர்ந்து உட்கார்ந்து விரலை வைத்தான். விரலை எடுத்து மீண்டும் வைக்கச் சொன்னது போன். வைத்தான். மறுபடியும் அதையே சொன்னது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரி வாரி அவன் ரேகை தேய்ந்து கிடந்தது.

"பாத்தியா, ஒன் போனுக்கே என்னைப் புடிக்கல."

"அதுக்கு என்னா தெரியும்?"

அவன் விரலை இழுத்து முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

வைக்க வைக்கக் கோடு கோடாக நிரம்புகிற ரேகைப் படம் திரையில் பாதிவரை ஏறியிருந்தபோது தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"வண்டி வந்துகினு இருக்கு. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினான்.

நாளைக்கு அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அடுத்த நாள் வேறு ஏதாவது வரும். இன்னொரு முறை கேட்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. திரை மங்கத் தொடங்கியது. அணைந்தால் அந்தப் பாதியும் போய்விடும். ஓரத்தைத் தொட்டாள், வெளிச்சம் வந்தது. சற்றைக்கெல்லாம் மறுபடி மங்கியது.

மீண்டும் வைக்கவும் என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. சாஹிரா தன் விரலை வைத்தாள். மறுத்துவிடும் என்றுதான் நினைத்தாள். அது மறுக்கவில்லை. அவன் கோடுகள் நின்றுபோன இடத்திலிருந்து அவளுடைய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே ஏற ஆரம்பித்தன.