தலையில் வைத்த கை

பாஸ்டரம்மா, பாஸ்டரம்மா என்று கூப்பிட்டே போதகர் மனைவியின் சொந்தப் பெயரைச் சபை மறந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை இன்னும் மிச்சமிருந்தவள் தங்கை ஒருத்திதான். அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

வீடு சபையுடையது, ஆலயத்தின் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டியது. முன்னறை பேருக்குத்தான் அவர்களுடையது. வேலை போனவன், மருமகளோடு முறைத்துக்கொண்ட மாமியார், பரீட்சைக்குப் பயந்த பெண் என்று யாருக்கு மனசு கனத்தாலும் நேரே அங்கே வந்து உட்கார்ந்து அழுவார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுத்து, முழுதும் கேட்டுவிட்டு, கடைசியில் ஜெபிப்பாள். அந்த அம்மா ஜெபித்தால் பாரம் இறங்குகிறது என்பார்கள். சமையலும் தையலும் அவள் பிறரிடம் கற்றவை. ஜெபம் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. கண்ணை மூடினால் வார்த்தை தானாக வரும். மனசில் இல்லாததைச் சொல்ல முயன்றால் நாக்கு புரளாது.

அந்த வருஷம் நகரசபைத் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டில் போட்டி இரண்டு பேருக்கு நடுவில். ஒருவர் சபையின் மூப்பர். இன்னொருத்தி பாஸ்டரம்மாவின் கூடப் பிறந்த தங்கை.

மூப்பரை லேசில் குறை சொல்லிவிட முடியாது. இரும்புச் சாமான் கடைக்காரர். பாஸ்டரம்மாவின் அப்பா இறந்தபோது பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கிக் கல்லறை வரைக்கும் நடந்தவர். சபையில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் மறுநாள் காலையில் கட்டிலருகே நிற்பார். எதையும் யோசித்துத்தான் செய்வார், யோசித்ததை வெளியே விடமாட்டார்.

தங்கைக்குச் சந்தின் முனையில் மருந்துக்கடை. ஒரு காலத்தில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். அவள் புருஷன் நோயில் விழுந்து இறந்தபோது, விசுவாசம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று துக்க வீட்டிலேயே ஒருத்தி சொல்லிவிட்டாள். தங்கை சண்டைக்குப் போகவில்லை. அதன் பிறகு ஆலயப் படியேறவும் இல்லை. அவள் திரும்பி வரவேண்டும் என்று அன்றிலிருந்து பாஸ்டரம்மா கேட்காத நாளில்லை.

தங்கையைத் தேர்தலில் இறக்கியது ஒரு தீ. ஆலயத்துக்குப் பின்னால் சந்துக்குள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அதில் ஒன்றில் அடுப்பு வெடித்துப் பற்றிக்கொண்டபோது, தீயணைப்பு வண்டி ஆலயச் சுவர் சந்துக்குள் துருத்திக்கொண்டிருந்த மூலையில் வந்து மாட்டி நின்றுவிட்டது. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி முடிப்பதற்குள் ஒரு தாயும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். அவர்களைத் துணி சுற்றிக் கிடத்திய பெண்களில் பாஸ்டரம்மாவும் ஒருத்தி.

சந்துப் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்பதுதான் தங்கையின் பேச்சு. அகலப்படுத்தினால் சுவரின் அந்த மூலை போகும். போதகர் வீட்டு முன்னறையும் போகும். இதைப் பூசி மெழுக அவள் விரும்பவில்லை. நிற்பது என்று முடிவான அன்றே அக்காவைக் கடைக்கு வரவழைத்தாள்.

“நான் ஜெயிச்சா உன் வீட்டு முன்பக்கம் போயிடும்க்கா. அதை நீ வேற யார் வாயாலயும் கேட்க வேணாம்னுதான் கூப்பிட்டேன். எனக்கு ஓட்டுப் போடுன்னு உன்கிட்ட கேக்க மாட்டேன்.”

பாஸ்டரம்மா, மேசையில் சிதறிக் கிடந்த இருமல் மருந்துப் பாட்டில்களை எடுத்து அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். தங்கை அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாள். எல்லாம் காலாவதியானவை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கி வைத்தவை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சபையில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. நம்ம ஆள் ஒருவர் நிற்கும்போது, ஆண்டவரை விட்டு விலகிப்போனவளுக்கா ஓட்டு என்றார்கள். ஆலயத்தில் ஒரு கல்லைக்கூட யாரையும் தொட விடமாட்டேன் என்று மூப்பர் வாக்குக் கொடுத்திருந்தார். பாஸ்டரம்மாவுக்கும் அதில் நியாயம் இல்லாமலில்லை. அவள் கல்யாணம் நடந்த ஆலயம். ஆனால் குப்பை கொட்டப் பின்பக்கம் போகும்போதெல்லாம் தீப்பிடித்த வீட்டின் கரி படிந்த கதவு நிலை கண்ணில் படும். விசுவாசிக்குப் போடும் ஓட்டா, அல்லது இந்தக் கதவைப் பார்த்துப் போடும் ஓட்டா, ஆண்டவர் எதைக் கேட்பார் என்று மனசு கிடந்து அல்லாடும்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் மூப்பரை முன்னால் மண்டியிட வைத்து ஜெபிப்பது என்று சபைக் குழு முடிவு செய்தது. அந்த வாரம் ஒரு பிற்பகல் மூப்பரே வீட்டுக்கு வந்து, ஜெபத்தை பாஸ்டரம்மாதான் ஏறெடுக்க வேண்டும் என்றார். அதெல்லாம் போதகர் செய்யவேண்டியது என்று அவள் நழுவப் பார்த்தாள்.

“பாஸ்டர் ஜெபிச்சா அது வழக்கமா நடக்கிறது. நீங்க ஜெபிச்சா அதுல ஒரு சாட்சி இருக்கும்மா” என்றார் மூப்பர், தேநீரை ஆற்றிக்கொண்டே.

அவர் சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்தது. அக்காவே தங்கை பக்கம் இல்லை என்று ஊர் பார்க்க வேண்டும்.

அவர் போன பிறகு, என்னால் முடியாது என்று புருஷனிடம் சொன்னாள். போதகர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“குழு முழுக்க அவர் பேச்சத்தான் கேக்குது. வருஷக் கடைசியில என்னை வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. இந்த வயசுல எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு? ஒரு ஜெபம்தானே கேக்குறாங்க.”

ஒரு ஜெபம்தானே என்று அவர் சொன்னதுதான் அவளை அதிகம் உறுத்தியது. ஆனால் அவர் குரலில் இருந்த பயம் பொய்யில்லை. சரி என்றாள்.

ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. மூப்பர் வெள்ளைச் சட்டையில் வந்து பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டார். பாஸ்டரம்மா முன்னால் போய் அவர் தலையில் வலது கையை வைத்தாள். எண்ணெய் தடவி வாரிய தலை. சபை கண்ணை மூடிக்கொண்டது. அவளும் மூடினாள்.

“ஆண்டவரே, இவர் உம்முடைய பிள்ளை. இவருக்கு நல்ல சுகத்தைத் தாரும்.”

ஆமென் என்றது சபை. அடுத்து வரவேண்டிய வார்த்தை வெற்றி. அது வரவில்லை. தேடிப் பார்த்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கலில் அவளுக்குள் ஏதோ உடைந்து, வார்த்தை கொட்டியது.

“ஆண்டவரே, அந்தச் சந்து வழியைத் திறந்துவிடும். இனி ஒரு பிள்ளையும் அங்க வேகக் கூடாது. அதுக்கு யார் வேணுமோ அவங்களை நீரே எழுப்பும். எங்க சுவர் தடையா இருந்தா அதை எடுத்துப்போடும். எங்க வீடு தடையா இருந்தா அதையும் எடுத்துப்போடும்.”

பழக்க தோஷத்தில் சபை ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொல்லிக்கொண்டே வந்தது. வீடு போகட்டும் என்றதற்குத்தான் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எல்லாரையும்விட உரக்க ஆமென் என்றார். பாதியில்தான் சிலருக்கு உறைத்திருக்க வேண்டும், சத்தம் தேய்ந்தது. அவள் கைக்குக் கீழே மூப்பரின் தலை வியர்த்துக் கழுத்து விறைத்தது. ஜெபத்துக்கு நடுவில் எழுந்துபோக அவரால் முடியாது. அவளாலும் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஜெபம் அறுந்துவிடும் என்று பட்டது.

முடிந்ததும் மூப்பர் எழுந்து, கைகூப்பி, ரொம்ப நன்றிம்மா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் விளங்கியது.

எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் மூப்பரின் மருமகன் மட்டும் மூடவில்லை. போனில் படம் எடுத்திருந்தான். குனிந்த தலை, அதன் மேல் அவள் கை, மூடிய கண்ணில் கண்ணீர். கீழே ஒரு வரி: சொந்த அக்காவின் ஆசீர்வாதமே இவருக்குத்தான். பொழுது சாய்வதற்குள் அது வார்டில் எல்லார் போனிலும் இருந்தது. மறுநாள் சுவர்களிலும் ஒட்டியிருந்தார்கள்.

இப்போதே சந்துக்குள் போய், நான் கேட்டது இதுவல்ல என்று வீடு வீடாகச் சொல்லப்போகிறேன் என்று அவள் செருப்பை மாட்டினாள். போதகர் வாசலில் வந்து நின்றார். தேர்தல் முடியும் வரைக்கும் பொறு என்று கெஞ்சினார். நீ ஜெபித்ததை இத்தனை பேர் காதால் கேட்டிருக்கிறார்களே, பிறகென்ன என்றார்.

“சபை கேட்டுதுங்க. ஊர் பார்த்துது” என்றாள்.

ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாள். அதுதான் பின்னால் அவளை அரித்தது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தன் முகத்தையே சுவரில் கடந்து போனாள். குழாயடியில் நின்ற சந்துப் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வாளியை நகர்த்தி வழிவிட்டார்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

ஓட்டுப் போடும் நாள் வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றபோது, தன்னைச் சுற்றி யாருமே இல்லாத இடம் தன் வாழ்க்கையில் இது ஒன்றுதான் என்று தோன்றியது. தங்கையின் சின்னத்துக்கு நேரே இருந்த பொத்தானை அழுத்தினாள்.

மூப்பர் ஜெயித்தார். கொஞ்சம் ஓட்டுத்தான் வித்தியாசம்.

தங்கையின் கடைக்கு அவள் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெபத்தில் கேட்டது, படம் வந்தது, வாசலில் செருப்பைக் கழற்றியது, தடுப்புக்குப் பின்னால் பொத்தானை அழுத்தியது. தங்கை மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“நீ என்ன கேட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. கேட்டவங்க வந்து சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.” கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “ஆனா கை அங்கதானே இருந்துது. அப்புறம் இவ்வளவு நாள் நீ வாயும் திறக்கல.”

ஒருவர் மருந்துச் சீட்டோடு வந்தார். தங்கை அவர் பக்கம் திரும்பி, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்க வேண்டும், எதைப் பின்னால் என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கினாள். பாஸ்டரம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் போதகர் மறுநாள் பிரசங்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நாளைக்கு நான் எழுந்து பேசுவேங்க. கண்ணைத் திறந்துகிட்டே பேசுவேன். அந்த மூலையை நாமளே விட்டுக்கொடுக்கணும்னு சபைகிட்ட கேப்பேன்.”

“அப்புறம் நாம எங்க போறது?”

“தெரியலங்க.”

அவர் பிரசங்கக் குறிப்பை மடித்து வைத்தார். மறுநாள் பிரசங்க நேரம் வந்ததும் மேடையேறி, தனக்கு இன்று வார்த்தை இல்லை, தன் மனைவி பேசுவாள் என்று சொல்லிவிட்டு இறங்கி முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் மேடையேறினாள். அந்தப் படம் எடுத்தபோது தான் கேட்டது வெற்றியல்ல என்பதையும், யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தீயில் போன தாயின் கை குழந்தையை எப்படிச் சுற்றியிருந்தது என்பதையும் சொன்னாள். சுவரைக் கேட்டாள்.

மூப்பர் எழுந்து, பாஸ்டரம்மாவின் பாரத்தைப் புரிந்துகொள்கிறோம், குழுவில் வைத்து ஜெபத்தோடு ஆலோசிப்போம் என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

வருஷம் முடிந்தது. போகச் சொல்வார்கள் என்று அவள் துணிமணிகளைக்கூட மூட்டை கட்டிவிட்டாள். யாரும் சொல்லவில்லை. அனுப்பினால் ஊர் பேசும் என்று மூப்பருக்குத் தெரியும். ஜன்னலுக்குப் புதுக் கொக்கிகள்கூடத் தன் கடையிலிருந்தே கொடுத்தனுப்பினார். குழு இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது. சபைக்காரர்கள் வழியில் பார்த்தால் தோத்திரம் சொல்கிறார்கள், அழுவதற்கு மட்டும் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

மூட்டைகளை அவள் பிரிக்கவில்லை. ஒருநாள் வாசலில் நிழலாடியது. சந்துக்குள்ளிருந்து, தீயில் மகளையும் பேத்தியையும் இழந்த அம்மா நின்றாள். ஆலயத்துப் பக்கமே வராதவள். உள்ளே வரச்சொல்லியும் தயங்கினாள்.

“ரோடு வருமாம்மா?” என்றாள்.

“தெரியலம்மா. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். நீங்க உக்காருங்க.”

மூட்டை ஒன்றை நகர்த்தி அவளுக்கு இடம் செய்துகொடுத்துவிட்டு, பாஸ்டரம்மா தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.