சீட் கம்பியில் நாலு வளையம்

மலரின் முழங்கால் வலிக்கு இந்த ஆறு வாரமாக லாபிஸ் ஊரில் காரணம் சொல்லாத ஆளே இல்லை. "நாப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் என்ன சைக்கிள் வேண்டிக் கெடக்கு?" என்றாள் நாத்தனார் தனலெட்சுமி. கணவன் மனோகரன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அவள் காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளும் உருகித்தான் போயிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு, சிகாமட் போய்த் திரும்பும் சைக்கிள் ஓட்டம். மலரையும் சேர்த்துக் கையுறைத் தொழிற்சாலைப் பெண்கள் நாலு பேர் ஒரு குழுவாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். எட்டு மாதப் பயிற்சி. இன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள் வருவதா இல்லையா என்று குழுத்தலைவி பிரவீனாவுக்குச் சொல்லியாக வேண்டும். 'என்னால முடியாது, எனக்குப் பதிலா நர்மதா என் சைக்கிள எடுத்துக்கட்டும்' என்று போனில் எழுதினாள். அனுப்ப மனம் வரவில்லை. கொடுக்கப்போகிற சைக்கிளைத் துடைத்தாவது வைப்போம் என்று பின்கட்டுக்குப் போனாள்.

துடைப்பதைச் சுத்தமாகத் துடைக்கலாமென்று சீட் கம்பியை முழுசாக உருவினாள்.

சீட்டின் உயரம் பிரவீனா பார்த்து வைத்தது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். சீட் அதற்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமாக மடங்கி வலி கண்டுவிடும். அந்த அளவு மாறாமலிருக்க, கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தாள். டேப் இன்றைக்கும் விளிம்பில்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, குழாய்க்குள் மறைந்திருந்த பகுதியில், பசையும் அழுக்கும் அப்பிய பழைய வளையங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

யாரோ டேப்பை உரித்து, சீட்டைக் கொஞ்சம் இறக்கி, டேப்பை மறுபடி விளிம்பில் ஒட்டியிருக்கிறார்கள். நாலு தடவை. யாரோ என்ன யாரோ! வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

கம்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். மனோகரன் சாப்பாட்டு மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தான். கம்பியைக் கண்டதும் கோப்பை பாதியில் நின்றது.

"நீங்கதானே?"

"கத்தாத லா. சீட்டுல உக்காந்தா ரெண்டு காலும் தரையில ஊனணும். எஸ்டேட்ல எங்கப்பா அப்படித்தான் வெச்சாரு, ஒரு நாளும் விழுந்ததில்ல. நீ ஒத்தக் கால் விரல்ல நிக்கிற. சிகாமட் ரோட்டுல செம்பனை லோரி எப்படி வருதுன்னு தெரியும்ல?"

"உங்கப்பா செம்பனைக் குலைய ஏத்திக்கிட்டு உருட்டினாரு. நான் அறுபது கிலோமீட்டர் மிதிக்கணும்! பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அதுக்காகத் திருட்டுத்தனமா என் கால முடக்குவீங்களா? எனக்கு வயசாயிடுச்சுன்னு உங்க தங்கச்சி சொன்னப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? நான் குளிக்கிற ரூம்ல உக்காந்து அழுதேன், தெரியுமா?"

மனோகரன் கோப்பைக்குள் பார்த்தான். தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டே இறக்கியிருக்கிறான், இறக்கிவிட்டு எண்ணெயும் தேய்த்திருக்கிறான். சீட்டை இறக்கியதைக்கூட மன்னித்துத் தொலைக்கலாம். அந்த எண்ணெயைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

போனில் எழுதியதை அழித்தாள். 'வரேன்' என்று அனுப்பினாள். கம்பியைச் செருகி, அடி வளையம் விளிம்புக்கு வரும்வரை தூக்கி, வீட்டில் இருந்த ஒரே சின்னச் சாவியால் போல்ட்டை முறுக்கினாள். ரயில் பாதை ஓரமாக ஒரு சுற்றுப் போய் வந்தாள். வலி இருக்கத்தான் செய்தது, ஆறு வார வலி ஒரு மணி நேரத்தில் போகுமா? ஆனால் கால் கடைசிவரை நீண்டது. அது அவளுடைய கால்தான், கிழவியின் கால் இல்லை.

சாயங்காலம் மனோகரன் எண்ணெய்ச் சீசாவோடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"குடுங்க. நானே தேய்ச்சுக்குவேன்."

சீசாவை வாங்கிக்கொண்டு குனிந்தாள். சட்டைக்குள்ளிருந்து தாலிச் சங்கிலி வெளியே வந்து தொங்கியது. எப்போதும் அதில் இரண்டு ஊக்குகள் கிடக்கும். இன்றைக்கு ஊக்குகளோடு சீட் போல்ட்டின் சின்னச் சாவியையும் கோத்திருந்தாள். மனோகரன் அதைப் பார்த்தான். பார்க்கட்டும் என்றுதான் மலரும் அதை உள்ளே தள்ளாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.