பின் ஸ்ப்ரிங் போட்டவன்

குஷேஷே காரின் பின்பக்க ஸ்ப்ரிங் கடினமாக இருக்க வேண்டுமா, மெத்தென்று இருக்க வேண்டுமா என்று ஸ்வெலாகேயும் ஸிஸாகேலேயும் ஒரு வருடமாகச் சண்டை போட்டார்கள். காதலிப்பவர்களுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். சொவேட்டோவில் அந்தப் பெட்டி வடிவப் பழைய ஜெர்மன் கார் வைத்திருப்பவனுக்கு வேறு விஷயம் கிடையாது. சனிக்கிழமை மைதானத்தில் வாலை வீசி வட்டமடித்துப் புகை கிளப்புவான். மற்ற ஆறு நாளும் அதைப் பற்றியே பேசி உயிரை எடுப்பான்.

ஸ்வெலாகே என் சித்தப்பா மகன். அவனுக்குக் கடினமான ஸ்ப்ரிங்தான் வேண்டும். வால் அமுங்காது, தொட்டதும் பிய்த்துக்கொண்டு போகும், பார்க்கவும் கெத்தாக இருக்கும் என்பான். ஸிஸாகேலேயும் கார் சுழற்றுபவள்தான், அவனைவிட நன்றாக. வால் கொஞ்சம் அமுங்கினால்தான் இரண்டு டயரும் தரையைப் பிடிக்கும், அப்போதுதான் வட்டம் நம் கையில் இருக்கும், கல்லு மாதிரி ஸ்ப்ரிங் போட்டால் மேடுபள்ளத்தில் வால் தவளை மாதிரி துள்ளும் என்பாள். அவனுக்காக மெத்தென்ற ஸ்ப்ரிங் ஒரு ஜோடி வாங்கிக்கூடக் கொடுத்தாள். நம் ராஜா அதைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளவில்லை. மெக்கானிக் நான். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். என்னை யார் கேட்டார்கள்?

பெண் கேட்கும் நாளும் கார் சுழற்றும் இறுதிப் போட்டியும் ஒரே சனிக்கிழமையில் வந்து தொலைத்தன. காலையில் வொஸ்லூரஸில் ஸிஸாகேலே வீட்டில் லொபோலா என்னும் பரிசப்பணப் பேச்சு, மூன்று மணிக்கு மைதானம். இடையில் நேரம் இருக்காது என்று வெள்ளிக்கிழமையே தன் கடின ஸ்ப்ரிங்கை மாட்டச் சொன்னான். பெரியவர்களை இதில் எப்படிக் கூட்டிப் போவது என்றேன். முப்பது கிலோமீட்டர்தானே என்றான். நானும் மாட்டித் தொலைத்தேன்.

எங்களுக்காகப் பேச வந்தவர் அவனுடைய தாய்மாமன் பேகானி. பேரத்தில் புலி. யார் முன்னாலும் தலை குனியாதவர், தேவாலயத்தில்கூட. பெரிய மனுஷன் பின்சீட்டில்தான் உட்காருவான் என்று பின்சீட்டில் ஏறினார். விதி.

வொஸ்லூரஸில் தெருவுக்கு நாலு வேகத்தடை. முதல் தடையில் தொப்பி கூரையில் மோதி நசுங்கியது. இரண்டாவதில் ஸ்வெலாகேயின் பரம்பரையையே திட்டினார், அதில் தானும் இருப்பதை மறந்து. ஏழாவதில் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். காரில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். மாமாவின் இடுப்பு.

மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கமே தலைகாட்டக்கூடாது. தெருமுனையில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்துகொண்டான் ஸ்வெலாகே. நான் மாமாவை மடித்த நாற்காலியை எடுப்பதுபோல் வெளியே எடுத்தேன். நிமிர முடியவில்லை. குனிந்தபடியே கேட்டுக்கு வெளியே நின்று, மண்ணைப் பார்த்து, பெண் வீட்டுக் குலப்பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"கபஸேலா! க்வாபே! ஒங்க வீட்டுப் பொண்ணக் கேட்டு வந்திருக்கோம்!"

வழக்கமாக ஒரு மணி நேரமாவது காக்க வைப்பார்கள். அன்று பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. இவ்வளவு பணிவான மனிதரை அவர்கள் பார்த்ததே இல்லையாம். குனிந்தே நுழைந்தார், குனிந்தே பாயில் உட்கார்ந்தார். ஸிஸாகேலேயின் பெரியப்பா ம்கீஸே உருகிப்போய்விட்டார். அபராதம் அது இது என்று எதுவுமே கேட்கவில்லை. மாமா வலியில் முனகிய ஒவ்வொரு முறையும் தாங்கள் அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்று அவர்களே இறங்கி வந்தார்கள். நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

அப்புறம்தான் பெண்ணைக் கூப்பிட்டார்கள். போர்வையும் தலைத்துணியுமாக வந்து மண்டியிட்டாள். இந்த இடத்தில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். தெரியாது என்று அவள் சொல்லிவிட்டால் வந்தவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"இவங்கள ஒனக்குத் தெரியுமாம்மா?" என்றார் ம்கீஸே.

அவள் மாமாவைப் பார்த்தாள். வளைந்த முதுகைப் பார்த்தாள். நசுங்கிய தொப்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவங்கள நல்லாத் தெரியும் பெரியப்பா," என்றாள். "ஆனா ஒரு வயசான மனுஷன ஏத்திட்டு வர்ற வண்டிக்கு அந்தப் பின் ஸ்ப்ரிங்கப் போடச் சொன்னவன எனக்குத் தெரியாது."

ஸ்ப்ரிங் என்றால் என்ன என்று ம்கீஸே கேட்டார். பாயைப் பார்த்தபடியே மாமா, வந்த வழியின் ஏழு வேகத்தடைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பணிவு என்று நினைத்தது இடுப்புப் பிடிப்பு என்று தெரிந்ததும் ம்கீஸேயின் முகம் போன போக்கைப் பார்த்து, இனி கல்யாணம் நடந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். "மாத்தச் சொல்லு. பாத்துட்டு அப்பறம் அவகிட்ட மறுபடி கேக்கறேன்," என்றார்.

ஸ்வெலாகே ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து வெளியே வந்தான். தான் வாங்கிய ஜோடியை ஸிஸாகேலே கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். நானும் அவனும் கோட்டுசூட்டோடு காருக்கு அடியில் படுத்தோம். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் பின்கையைத் தாழ்த்தி, ஸ்ப்ரிங்கை உருவி, அவளுடையதை வைத்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. போட்டியைப் பற்றி அவன் பேசாத முதல் சனிக்கிழமை அதுதான்.

"அவ தெரியாதுன்னே சொல்லிட்டா என்னடா பண்ணுவேன்?" என்று மெல்லக் கேட்டான். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் மேல் பாவமாக இருந்தது.

மாமாவையும் ம்கீஸேயையும் பின்சீட்டில் வைத்து ஸ்வெலாகே தெருவைச் சுற்றிவந்தான். எல்லாத் தடையிலும் வால் அமுங்கி எழுந்தது. கடைசித் தடையில் மாமாவின் இடுப்பு மறுபடியும் 'டக்' என்றது. இறங்கும்போது நிமிர்ந்து நின்றார்.

ம்கீஸே எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்டார். ஸிஸாகேலே ஸ்வெலாகேயை, கிரீஸ் அப்பிய சட்டையோடு, நன்றாகப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுது," என்றாள். "ஆனா மூணு மணிக்கு இந்த வண்டிய நான்தான் ஓட்டுவேன்."

பேரத்தில் புலியான மாமாவைப் பார்த்தோம். அவர் தொப்பியின் நசுங்கலை நீவிக்கொண்டிருந்தார். ஸ்வெலாகே சாவியை எடுத்து நீட்டினான்.