இரண்டு தடவை உப்பு

எங்கள் குதிரையின் பெயர் ராங்கி. பெயருக்கேற்ற பிறவி. தொலைதூரப் பந்தயத்தின் பாதி வழியில், என் தங்கையைச் சுமந்துகொண்டு முதல் ஆளாக ஓய்வுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மருத்துவர் நாடி பார்த்துவிட்டு, மேலே ஓடலாம் என்றார். கழுத்தில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

எங்களுக்குள் ஏற்பாடு இதுதான்: சேணம் தங்கை பொறுப்பு, தீனியும் தண்ணீரும் என் பொறுப்பு. வியர்வையில் போன உப்பை ஈடுகட்ட, பெரிய சிரிஞ்சில் உப்புப் பசையை அடைத்து வாயில் செலுத்துவேன். அதற்கு முன் குதிரை தண்ணீர் குடித்திருக்க வேண்டும். ராங்கியோ வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உப்பு உள்ளே போனால் தாகம் எடுத்துத்தானே ஆகவேண்டும்? அவசரக்காரி நான், செலுத்திவிட்டேன்.

"அக்கா, என்ன பண்றே!" தங்கை பாய்ந்து வந்தாள். "வழியிலேயே நான் ஒண்ணு குடுத்துட்டேன்!"

"உன்னை யாருடி குடுக்கச் சொன்னது?"

"ஓடையில தண்ணியே தொடல. பயந்துட்டேன்."

தண்ணீர் குடிக்காத குதிரைக்கு இரட்டைப் பங்கு உப்பு. உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும். ஈறைத் தொட்டேன், காய்ந்து கிடந்தது. தோளில் கிள்ளிய தோல் மடிப்பு படியாமல் அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்ட சொன்னா ஓட விடமாட்டாங்கக்கா."

"சொல்லலைன்னா ஓடுறதுக்குக் குதிரையே இருக்காது" என்று கத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டேன்.

அவர் திட்டக்கூட இல்லை. ராங்கியைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டு, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி மருந்துநீர்ப் பையை உயரக் கட்டினார். "மூத்திரம் போகட்டும், அப்பத்தான் சிறுநீரகம் வேலை செய்யுதுன்னு தெரியும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது."

பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. தங்கை அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ."

வாய் எங்கள் இருவருக்குமே குறைச்சலில்லை. ஆனால் அதற்கு மேல் சண்டை ஓடவில்லை. "செத்துடுமாக்கா?" என்று கேட்டாள். நான் மறுபடியும் ஈறைத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது பை பாதி இறங்கியபோது ராங்கி வாளிக்குள் மூக்கை விட்டு உறிஞ்சத் தொடங்கியது. அப்போதும் நாங்கள் மூச்சு விடவில்லை. வெகுநேரம் கழித்துப் பின்னங்கால்களை அகட்டியது. தரையில் அடித்துத் தெறித்த மூத்திரம் எங்கள் இருவர் காலையும் நனைத்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த இடத்தைவிட்டு நகராமல் அழுதோம்.